ஒரு தொண்டை, பல வாய்

ஊருக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். முதலில் ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும். பிறகு சேதியைச் சொல்ல வேண்டும். வெறும் வாய் வார்த்தைக்குத் திரும்பிப் பார்க்கிற ஊர் உலகத்தில் கிடையாது. ஆகையால் ஓசைக்கு ஒரு கருவி, சேதிக்கு ஒரு வாய் என்று இரண்டையும் சேர்த்து அனுப்புகிற வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. மணிமேகலையின் முதல் காதையே இதில்தான் ஆரம்பிக்கிறது. புகார் நகரத்தில் இந்திர விழா வரப் போகிறது. வச்சிரக் கோட்டத்து முரசை எடுத்து வந்து யானையின் பிடரியில் ஏற்றுகிறார்கள். முரசறைகிறவன் அதை அடித்து நகரத்தாரைக் கூப்பிட்டு, வீதிகளைச் சீர்படுத்தச் சொல்கிறான், தோரணம் கட்டச் சொல்கிறான், விழா முடியும் வரையில் வம்பு வழக்குக்குப் போகாமல் இருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறான்.

இன்று தேர்தல் காலத்தில் நம் தெருவுக்குள் நுழைகிற வாகனத்துக்கும் அதற்கும், யானையைக் கழித்துவிட்டால், வித்தியாசம் அதிகமில்லை. ஒன்றே ஒன்று உண்டு. அன்று முரசு தனியாக ஒலித்தது, வாய் தனியாகப் பேசியது. இன்று பாட்டும் பேச்சும் ஒரே தொண்டை வழியாக வருகின்றன. ஆம்பிளிபயர் என்று நாம் சொல்கிற அந்தப் பெட்டிக்கு வாய்கள் பல, தொண்டை ஒன்று. பல வாய்களை ஒரு தொண்டையில் கொண்டு சேர்க்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அது கைக்குட்டை அகலம்கூட இராது. நம்முடைய அரசியல் சரித்திரத்தில் பாதி அங்கேதான் நடந்தது என்பது என் அபிப்பிராயம். சரித்திரக்காரர்கள் மேடையைப் பார்த்தார்கள். மேடைக்குப் பின்னால் பெட்டியின் பக்கத்தில் குந்தியிருந்த ஆசாமியை யாரும் பார்க்கவில்லை.

யானைக்கும் காருக்கும் நடுவே நெடுங்காலம் அந்தப் பாரம் மனிதன் தலையில் இருந்தது. தண்டோராப் போடுகிறவன் தோளில் பறையை மாட்டிக்கொண்டு நடப்பான். முச்சந்தியில் நிற்பான். நாலு அடி அடிப்பான், கையை நிறுத்துவான், வாயைத் திறப்பான். அடித்துக்கொண்டே பேசினால் எதுவும் காதில் விழாது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஓசையும் சொல்லும் ஒன்றுக்கொன்று வழி விட வேண்டும் என்கிற நியாயம் அவன் உடம்பிலேயே இருந்தது. 'பறை' என்ற சொல்லுக்கே வாத்தியம் என்றும் சொல்லுதல் என்றும் இரண்டு பொருள் உண்டு.

ஆனால் அந்தத் தோள் யாருடைய தோள்? ஊரில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரன் தோள்தான். மற்றவர்கள் சேதியைக் கேட்டுக்கொள்வார்கள். அவன் அடிக்க வேண்டும். சர்க்காரும் இதைச் சட்டத்தில் ஏற்றி வைத்தது. 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், ஜப்தி செய்கிற நிலத்தின் அருகே பறையடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அதை அறிவிக்க வேண்டும் என்கிறது. கடன்பட்டவனுக்கு மானம் போகிற நாள் அது. அடிக்கிறவனுக்கோ அது தினசரி வேலை. அவன் சொன்ன சேதியில் ஒரு வார்த்தைகூட அவனுடையது இல்லை.

மேல்நாட்டில் இந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றியவர்கள் கலிபோர்னியாவில் நாபா என்கிற ஊரில் குடியிருந்த பீட்டர் ஜென்ஸன், எட்வின் பிரிதம் என்ற இருவர். 1915-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, ஸான் பிரான்ஸிஸ்கோ நகர மண்டபத்தின் எதிரே பெருங்கூட்டத்துக்குத் தங்கள் குழாயைக் காட்டினார்கள். பேச்சும் கேட்டது, சங்கீதமும் கேட்டது. ஆரம்பத்திலிருந்தே அந்தக் குழாய் ஒரு வாயோடு திருப்திப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸன் ஸான் டியகோ நகரத்தில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேருக்கு அந்தக் கருவியின் மூலமாகப் பேசினார். குரல் வளம் இல்லாதவரும் கூட்டத்தில் பேசலாம் என்கிற யுகம் அப்போது பிறந்தது. அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நம் தேசத்தில் 1930-களில் காங்கிரஸ் மகாநாடுகளுக்கு ஒலிபெருக்கி வைத்தவர் பம்பாய் நானிக் மோட்வானே. அவருடைய கம்பெனிக்குச் 'சிகாகோ ரேடியோ' என்று பெயர். காந்திஜியும் ஜவாஹர்லால் நேருவும் பேசுகிற பழைய புகைப்படங்களைப் பார்த்தால், மைக்கின் மேல் 'சிகாகோ' என்ற எழுத்துக்கள் தெரியும். சுதேசி பேசிய வாய்க்கு முன்னால் இப்படி ஒரு பெயர்ப் பலகை! கம்பெனி இந்தியக் கம்பெனிதான் என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

திருச்சிராப்பள்ளிக்கு ஒலி விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் சீக்கிரமே வந்தது. 1938 ஜூனில் சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் திறந்தார்கள். ஒரு வருஷம்கூட முடிவதற்குள், 1939 மே 16-ந் தேதி, திருச்சியிலும் நிலையம் வந்துவிட்டது. அப்போது சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி திறந்து வைத்தார். ரேடியோ நிலையத்தில் பாடகருக்கு ஒரு மைக், பக்க வாத்தியத்துக்கு ஒரு மைக், அறிவிப்பாளருக்கு ஒரு மைக், இசைத்தட்டுச் சுழல ஓர் இடம். எல்லாம் ஒரு மேஜைக்கு வந்து சேரும். மேஜையில் குமிழ்கள். ஒன்றைத் திருகினால் வீணை அடங்கும், இன்னொன்றைத் திருகினால் மனிதக் குரல் எழும். பாட்டு தேய்ந்துகொண்டே போக அதன்மேல் பேச்சு ஏறி வருகிறதைத் தமிழ்க் காது முதன்முதலில் ரேடியோவிலும் பேசும் படத்திலும்தான் கேட்டது. பறையடிக்கிறவனால் அது முடியாது. அவனுக்கு இரண்டு கை இருந்தாலும் குமிழ் கிடையாது.

அந்தக் குமிழ் மேஜை சுருங்கி, ஒரு பெட்டியாகி, காரின் பின் ஸீட்டில் ஏறியதுதான் பிரசாரக் கார்.

அதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். காரின் கூரையில் சாமான் வைக்கிற கம்பியில் இரண்டு குழாய்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒன்று முன்னால் பார்க்கும், ஒன்று பின்னால் பார்க்கும். முன் ஸீட்டில் டிரைவரும் வட்டாரத்துப் பெரிய மனிதர் ஒருவரும். பின் ஸீட்டில் ஜன்னலோரம் பேசுகிறவர், கையில் மைக். அவருக்குப் பக்கத்தில் மைக் செட்காரர். அவருடைய கால்களுக்கு நடுவே ஆம்பிளிபயர். மடியில் ஒரு தலையணை. தலையணைமேல் ரிக்கார்டு சுழல்கிற பெட்டி. தலையணை எதற்கு என்றால், காவேரிப் பாலம் தாண்டிப் பள்ளத்தில் கார் இறங்கினால் ஊசி துள்ளும். துள்ளினால் பாடகர் பல்லவியிலிருந்து நேரே சரணத்துக்குப் போய்விடுவார். ஆகையால் கார் ஓடுகிறபோது பேச்சு, கார் நிற்கிறபோது பாட்டு என்று ஒரு நடைமுறை ஏற்பட்டது. பெரிய கடைவீதியில் ஓட்டம், தெப்பக்குளத்தண்டை நிற்பது. பாலக்கரையில் ஓட்டம், காந்தி மார்க்கெட் வாசலில் நிற்பது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சுமாருக்குத்தான் பாட்டு. மூன்று நிமிஷத்துக்குள் கூட்டம் சேர வேண்டும். சேர்ந்தால் பேச்சாளர் இறங்குவார். சேராவிட்டால் தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

அந்த நாள் ஆம்பிளிபயர் வால்வு வைத்தது. வால்வுக்கு இருநூறு முந்நூறு வோல்ட் வேண்டும். கார் பாட்டரியில் இருப்பதோ ஆறு அல்லது பன்னிரண்டு வோல்ட். இதைச் சரிக்கட்ட, பாட்டரி மின்சாரத்தை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டி விடுகிற வைப்ரேட்டர் என்கிற சிறு கருவி உள்ளே வண்டு மாதிரி ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். வெட்டிய மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் ஏறிப் பெருகி வரும். பாட்டரியை இது உறிஞ்சுகிற உறிஞ்சலுக்குக் காரின் டைனமோ ஈடு கொடுக்காது. மனிதன் நடக்கிற வேகத்தில் கார் போனால் டைனமோ ஏறக்குறையச் சும்மாதான் சுற்றும். எனவே டிக்கியில் இரண்டாவது பாட்டரி. மாலை ஐந்து மணிக்குக் கம்பீரமாக முழங்கிய கட்சி எட்டு மணிக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறது என்றால் கொள்கையில் தளர்ச்சி என்று எண்ண வேண்டியதில்லை, பாட்டரியில் தளர்ச்சி.

பெட்டியின் முகத்தில் மூன்று குமிழ் இருக்கும். ஒன்று, இரண்டு மைக்குக்கு, மூன்றாவது ரிக்கார்டுக்கு. மைக்கிலிருந்து வருகிற மின்சாரம் மிகப் பூஞ்சை. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கி அதில் சில பங்கு. ரிக்கார்டு ஊசியிலிருந்து வருவது அதைப்போலப் பல பத்து மடங்கு. இரண்டையும் சம அந்தஸ்தில் உள்ளே விட்டால் பாட்டு பேச்சை விழுங்கிவிடும். ஆகவே மைக்குக்கு மாத்திரம் ஒரு வால்வு அதிகமாக வைத்து, அதைப் போஷித்து, பாட்டின் உயரத்துக்குக் கொண்டு வந்த பிறகே இரண்டையும் சேர்ப்பார்கள். பூஞ்சைக் குரலை முதலில் தூக்கிவிட்டுப் பிறகு சபையில் உட்கார வைக்கிற இந்த ஏற்பாட்டைச் செய்தவன் யாரோ, நியாயஸ்தன்.

மைக் குமிழைப் பாட்டு நடக்கிறபோது மூடி வைக்க வேண்டும். மறந்தால் இரண்டு விபரீதம். கூரைக் குழாயின் சத்தம் மைக்குள் புகுந்து, மறுபடி குழாய்க்குப் போய், ஊளை கிளம்பும். மற்றது இதைவிட மோசம். "இந்தத் தெருவிலே நமக்கு ஓட்டே விழாதுங்க" என்று பின் ஸீட்டில் மெதுவாகச் சொன்னது அந்தத் தெரு முழுவதும் கேட்டுவிடும். இந்தக் கதை எல்லாக் கட்சியிலும் உண்டு. அவரவர் எதிர்க்கட்சியின் பேரில் சொல்வார்கள்.

1956 மே மாதத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநில மகாநாடு திருச்சியில் கூடித் தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று பெட்டி வைத்து ஓட்டு எடுத்தது. நிற்பது என்று முடிவாயிற்று. அடுத்த வருஷம், அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்த குளித்தலையில் மு. கருணாநிதி முதன்முதலாக நின்று ஜெயித்தார். இரண்டு பக்கத்துக் கார்களிலும் பேச்சாளர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பாட்டும் இருந்தது. காங்கிரஸுக்காக மேடையேறிப் பாடியவர் கே. பி. சுந்தராம்பாள், கழகத்துக்காகப் பாடியவர் நாகூர் ஹனீபா. இரண்டுமே மைக் இல்லாமலே மைதானத்தைக் கட்டுகிற சாரீரம். ஆனால் ஒரு பாடகர் ஒரு மாலையில் ஓர் ஊரில்தான் இருக்க முடியும். இசைத்தட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கொடுமுடிக் குரல் ஒரே நேரத்தில் உறையூரிலும் இருக்கலாம், லால்குடியிலும் இருக்கலாம். பேசுகிறவரோ உள்ளூர்க்காரர், நேற்று வரை மளிகைக் கடையில் பார்த்த முகம். மாநிலம் புகழ்ந்த குரலின் வாலைப் பிடித்துக்கொண்டு அவர் பேச்சுக் கிளம்பும்போது, அந்தப் புகழில் ஒரு திவலை அவர் மேலும் தெறிக்கும். இதுதான் அந்த இரண்டு குமிழ்கள் செய்த மாயம். பாட்டை எப்போது தேய்ப்பது, பேச்சை எப்போது ஏற்றுவது என்பதைத் தீர்மானித்தவர் தலைவர் இல்லை. தலையணையோடு உட்கார்ந்திருந்த மைக் செட்காரர். எனக்கு நினைவு தெரிந்த முதல் தேர்தல் 1967. அந்தத் தேர்தலில் எந்தப் பேச்சாளர் என்ன பேசினார் என்பது எனக்கு மறந்துவிட்டது. பாட்டு நின்று, ஊசி கிர்ரென்று உரசி, 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்று ஒரு குரல் வந்ததும் தெருவில் ஒரு அமைதி விழுமே, அது மறக்கவில்லை.

இந்தச் சேர்மானத்தின் உள் ரகசியம் என்னவென்று வெகுநாள் எனக்கு விளங்கவில்லை. விளக்கியவர் கைலாசபுரத்து மச்சான்.

கைலாசபுரம் என்றால் சிவன் கோயிலைத் தேட வேண்டாம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ரஸ்தாவில் கிழக்கே போனால், திருவெறும்பூர்ப் பக்கம், பாரத மிகுமின் நிறுவனத்தார் தொழிலாளர்களுக்குக் கட்டிய குடியிருப்பு அது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1960-களில் ஏற்பட்ட தொழிற்சாலை; மின்சார நிலையங்களுக்கு வேண்டிய ராட்சசக் கொதிகலன்களும் அவற்றின் வால்வுகளும் அங்கே தயாராகின்றன. ரேடியோ வால்வு வேறு, இந்த வால்வு வேறு; ஒன்று கையடக்கக் கண்ணாடி, மற்றது யானைக் குட்டி கனம். மச்சான் இந்த இரண்டாவது ஜாதியோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கிழ அம்பாஸடர் கார் இருக்கிறது. அதில் ஒரு ஆம்பிளிபயர். அதற்குள் ரேடியோ, கைப்போன், ஒரு காஸெட் பெட்டி ஆகிய மூன்றையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று கடையில் ஒரு கிளைக் கம்பி வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். ரேடியோ கேட்டால் சத்தம் பாதியாகிக் கரகரத்தது. கைப்போனைக் கழற்றினால் சரியாயிற்று. என்ன மாயம் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை, இதிலே மாயம் ஒண்ணும் இல்லை. மூணு குழாயிலேருந்து நீராவி ஒரு பெரிய குழாய்க்கு வருதுன்னு வெச்சுக்குங்க. அதை நாங்க ஹெட்டர்னு சொல்லுவோம். ஒரு குழாயிலே அழுத்தம் இருக்கு, மத்ததிலே இல்லை. அப்ப என்ன ஆகும்? நீராவி வெளியே போறதை விட்டுட்டு, அழுத்தம் இல்லாத குழாய்க்குள்ளே திரும்பிப் பாயும். அதான் இங்கேயும். ரேடியோ பாடுறது ஆம்பிளிபயருக்குப் போகாம கைப்போனுக்குள்ளே போகுது. சும்மா இருக்கிறவன் சாப்பிடுறான்."

கொதிகலனில் இதற்குத் திரும்பாத வால்வு என்று ஒன்று வைப்பார்களாம். ஒலி மின்சாரம் முன்னும் பின்னும் ஆடுகிற சரக்கு. அதற்கு அந்த வால்வு ஒத்து வராது. அதனால் ஒவ்வொரு கிளையிலும், சேருகிற இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு தடை வைக்கிறார்கள். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய, வர்ண வளையம் போட்ட ரெஸிஸ்டர். இப்போதைய கருவிகளுக்கு ஆயிரம் ஓமிலிருந்து பத்தாயிரம் ஓம் வரை. பழைய வால்வுப் பெட்டியில் இரண்டு லட்சம், ஐந்து லட்சம் ஓம் என்று வைத்திருப்பார்கள். தடை இருப்பதால் ஒரு வாயின் மின்சாரம் அடுத்த வாய்க்குள் எளிதில் புக முடியாது. தொண்டைக்குப் போவதே சுலபம் என்று ஆகிவிடுகிறது. இதில் ஒவ்வொருவர் பலமும் கொஞ்சம் குறையும். அதைத் தொண்டை ஈடு கட்டிக்கொள்ளும். மச்சான் ஆறு ரெஸிஸ்டர் வாங்கி வந்து, இடது காதுக்கு மூன்று, வலது காதுக்கு மூன்று என்று பற்றவைத்தார். செலவு ஒரு டீக் காசு.

பிறகும் ஒரு சங்கடம் பாக்கி. இஞ்சினை முடுக்கினால் பாட்டோடு சேர்ந்து ஒரு கீச்சுக் குரல் ஏறும். முடுக்கைக் குறைத்தால் இறங்கும். கைப்போனுக்குக் காரிலேயே மின்சாரம் ஏற்றிக்கொண்டு, அதே போனின் பாட்டையும் காரில் கேட்டால் இது வருகிறது. தரைக்கம்பி இரண்டு வழியாகச் சுற்றிக்கொள்வதால், மின்சாரம் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரும் தன் பங்குக்குப் பாட ஆரம்பிக்கிறது. ஒன்று, போனுக்கு மின்சாரம் ஏற்றுவதை நிறுத்த வேண்டும்; அல்லது நடுவில் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து உறவை அறுக்க வேண்டும். "அழைக்காத வித்துவான் மேடை ஏறிட்டார்" என்றார் மச்சான்.

மச்சானின் கார் தனக்குள்ளே பாடுகிறது. மேல்நாட்டில் காரும் ஒலியும் சந்தித்தது அந்த வழியாகத்தான். 1930-ல் பால் கால்வின் என்பவர் தம் காரில் ரேடியோ பொருத்தி, அட்லாண்டிக் ஸிட்டியில் ரேடியோ வியாபாரிகள் கூடிய மகாநாட்டுக்கு ஓட்டிப் போய், வாசலிலேயே நிறுத்திச் சத்தமாக வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் மோட்டரோலா. 1956-ல் கிரைஸ்லர் கம்பெனி, காருக்குள்ளே இசைத்தட்டுச் சுழல்கிற கருவியை வைத்துப் பார்த்தது. பீட்டர் கோல்ட்மார்க் என்கிற விஞ்ஞானி அதற்காக நிமிஷத்துக்குப் பதினாறு சொச்சம் சுற்று மட்டும் சுற்றுகிற தனித் தட்டு செய்தார். சில வருஷத்தில் அது மறைந்தது. பிறகு காஸெட், பிறகு குறுந்தகடு, பிறகு கம்பி இல்லாமல் கைப்போன். ஒவ்வொன்று வரும்போதும் அதே ஒற்றை ஆம்பிளிபயருக்கு இன்னொரு வாய் முளைத்தது. ஆனால் அத்தனையும் காருக்குள் இருக்கிற நாலு பேருக்காக. நாம் அதே பெட்டியை வாங்கி, குழாயை வெளியே திருப்பிக் கட்டினோம். அங்கே ஊரை மறப்பதற்கு வைத்துக்கொண்டதை இங்கே ஊரைக் கூப்பிட வைத்துக்கொண்டோம். இந்தத் திருப்பத்தை நான் குறையாக நினைக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் காய்ச்சலில் படுத்திருக்கிற பாட்டியும் வேறு விதமாக நினைக்கலாம்.

அவர்கள் பக்கத்துக்குச் சட்டம் வந்திருக்கிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரையில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. கூம்புக் குழாய் வைக்கக் கூடாதென்று திருவிழாவுக்குத் திருவிழா போலீஸார் எச்சரிக்கிறார்கள். கூம்புக் குழாய்க்கு மிருதங்கத்தின் தொப்பி வராது, தம்பூராவின் சுருதி வராது, மூக்கால்தான் பாடும். சங்கீதத்துக்கு அது துரோகி. பேச்சுக்கு அதைப்போல உண்மையான வேலைக்காரன் கிடையாது.

அதைப் புரிந்துகொள்ள ஆடிப் பதினெட்டன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போக வேண்டும். படித்துறை முழுவதும் தலைகள். காதோலை கருகமணியும் காப்பரிசியுமாகப் பெண்கள் காவேரிக்குப் பூஜை செய்கிறார்கள். குழாயில் அம்மன் பாட்டு. திடீரென்று பாட்டு தேய்கிறது. பச்சைச் சட்டை போட்ட நாலு வயதுப் பையன் ஒருவன் போலீஸ் பந்தலில் இருக்கிறான், பெற்றோர் வந்து அழைத்துப் போகவும் என்கிறது ஒரு குரல். படித்துறையில் எந்தத் தாயும் அந்த விநாடி தன் பக்கத்தில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதில்லை. இப்போது வருகிற பெட்டிகள் சிலவற்றில் மைக்கில் யாராவது பேசினால் பாட்டு தானாகவே அடங்கிவிடும். புதுக் கார்களில் வழி சொல்கிற அம்மாள் வாயைத் திறந்ததும் பாட்டு பணிந்து போகிறது பாருங்கள், அதே ஏற்பாடுதான். அது இல்லாத பழைய பெட்டியில் இதைச் செய்ய ஒரு கை வேண்டும். பாட்டு எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் கை அதைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. ஆற்றோரத்தில் ஒரு பிள்ளையைக் காணோம் என்கிறபோது, பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிற மைக் செட்காரரை நான் பார்த்ததில்லை.

பறை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அது காருக்கு வழி விட்டுவிட்டுப் போகவில்லை. நகரத்தில் கார் ஓடிய அதே வருஷங்களில் கிராமத்தில் தண்டோராவும் நடந்துகொண்டேதான் இருந்தது, அதே தோளில். 2022 ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு ஜில்லாக் கலெக்டர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த பிறகு தண்டோரா வேண்டியதில்லை, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சேதியை மூலை முடுக்குக்கெல்லாம் கொண்டு போகலாம் என்பது அதன் சாரம். ஜென்ஸனும் பிரிதமும் ஸான் பிரான்ஸிஸ்கோவில் குழாயை நிறுத்தி ஏறக்குறைய 107 வருஷம் ஆகியிருந்தது. பெட்டி வந்ததும் மனிதனுக்கு விடுதலை வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த 107 வருஷத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது பெட்டியைச் சுற்றி ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஆட்டோவின் கூரையில் குழாய், உள்ளே உள்ளங்கை அகல ஆம்பிளிபயர், அதில் விரல் அளவுப் பென்டிரைவ். பழைய இரும்பு வாங்குகிறவரும் அப்படித்தான் வருகிறார், வேட்பாளரும் அப்படித்தான் வருகிறார், தொழிற்சாலை வாசலில் தொழிற்சங்கங்களும் அப்படித்தான் வருகின்றன. பாட்டும் பேச்சும் எங்கேயோ ஓர் அறையில் முன்கூட்டியே கலந்து பதிவாகிவிடுகின்றன. மைக் செருகுகிற துவாரம் பெட்டியில் இருக்கத்தான் இருக்கிறது. பெரும்பாலும் அதில் தூசி.

போன வருஷம் கைலாசபுரத்திலிருந்து திருவெறும்பூர்க் கடைத்தெருவுக்கு வரும்போது அப்படி ஓர் ஆட்டோவைப் பார்த்தேன். மரத்தடியில் நின்றிருந்தது. முதலில் பறை ஒலித்தது, நாலைந்து அடி, சுத்தமான பதிவு. பிறகு அது தேய்ந்து ஒரு பெண் குரல் வந்து, குழாய் பழுது பார்ப்பதால் இரண்டு நாளைக்குக் குடிதண்ணீர் வராது என்று சொல்லிற்று. மறுபடி பறை. டிரைவர் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.